எண்ணெய்மேல் போட்ட பழி

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து சாரல். மேற்கே மலையே தெரியவில்லை. கொடியில் போட்ட துணி எதுவும் இன்று காயாது.

எண்ணெய்க் குளியல். சளி பிடித்திருக்கிறது என்றேன், ஆபிசுக்கு நேரமாகிறது என்றேன். அத்தை விடவில்லை. மணையில் உட்காரவைத்து உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய் வைத்துத் தேய்த்தார். நாலைந்து தேய்ப்புதான். கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் விரலிடுக்கு முழுக்க என் முடி.

"ஏட்டி தனம், என்னட்டி இது? கோழிய உரிச்ச மாதிரில்லா கையோட வருது?"

"ஆடி வருதுல்ல அத்தை. காத்துக்குக் கொட்டும்."

"காத்துக்குத் துணி பறக்கும். முடி பறக்குமா?"

குளித்துவிட்டு, சாக்கடை ஜாலியில் சுருண்டு கிடந்ததை எல்லாம் பொறுக்கி ஒரு கேரி பேக்கில் போட்டு ஆபிஸ் பைக்குள் வைத்துக்கொண்டேன். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் குப்பைத் தொட்டியில் போட்டேன். மூன்று வாரமாக இதே வேலை. களவெடுத்த பொருளை மறைப்பவள் மாதிரி.

இன்று சாப்பிட்டது: முட்டை வெள்ளை 2. இட்லி அரை. மோர். பு.பொ. 2 ஸ்பூன். மதியம் பயறு ஒரு கிண்ணம், பாதி ஆபிசில் ஜோதிக்கு.

(பு.பொ. = புரோட்டீன் பொடி. சத்துமாவு டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறேன். அத்தைக்கு அது சத்துமாவு.)

ஜூலை 5, சனி

மதுரை ஆஸ்பத்திரி டயட்டீசியனுக்கு போன். அந்தப் பெண் சிரிக்கிறாள். "நாலாம் மாசம் எல்லாருக்கும் கொட்டும் மேடம். ஆபரேஷன் பண்ணின உடம்பு, வேகமா எடை குறையுது, சாப்பாடும் கம்மி. திரும்ப வளந்துரும். புரோட்டீனை விட்டுராதீங்க, மாத்திரையை விட்டுராதீங்க. அடுத்த தடவ வரும்போது ரத்தம் டெஸ்ட்."

எத்தனை மாசத்தில் வளரும்? "ஆறு மாசம், எட்டு மாசம். ஆளுக்கு ஆள் மாறும்."

வளரும் என்று தெரிந்தது. அது தெரிந்தால் நிம்மதி வர வேண்டும். வரவில்லை. முடி போவதற்கு நான் இவ்வளவு பயப்படவில்லை. ஏன் போகிறது என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்றுதான் பயம்.

இங்கே ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். வேறெங்கும் எழுத முடியாது.

மார்ச் மாதம் மதுரையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு மூட்டுக் காய்ச்சல், கூடமாட உதவிக்கு என்று அத்தையிடம் சொன்னோம். அக்கா நன்றாகத்தான் இருந்தாள். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். 104 கிலோ, சுகர், முழங்கால், கம்பெனி மாடிப்படி பாதியில் நின்று மூச்சு வாங்குவது. இதெல்லாம் டாக்டரிடம் சொன்ன காரணம். சொல்லாத காரணம், கொழுந்தன் கல்யாண ஆல்பம். அதில் நான் நிற்கும் பக்கத்தை யாருமே நின்று பார்க்கவில்லை, சட்டென்று புரட்டிவிட்டார்கள்.

அத்தையிடம் ஏன் சொல்லவில்லை? மாமா குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ண நடந்து போனவர், வேனில் படுத்தபடி வந்தார். எனக்குக் கல்யாணமான முதல் வருஷம். அன்றே அத்தை சொல்லிவிட்டார், "இனி இந்த வீட்டு ஆளு உடம்புல கத்தி படக் கூடாது". மகனை ராணுவத்துக்கு அனுப்பிவிட்டு இப்படிச் சொல்கிறாரே என்று அப்போது நினைத்தேன்.

இவருக்குத் தெரியும். ராஜஸ்தானிலிருந்து போனில் சரி என்றார். "ஆனா எங்கம்மாட்ட மூச்சு விடாத தனம். அது தாங்காது."

மூச்சு விடவில்லை. இளைத்ததற்கு நடைப்பயிற்சி, கொள்ளுக் கஞ்சி என்று ஊர் முழுக்கச் சொன்னேன். ஆபிசில் எனக்குக் கை தட்டினார்கள். நானும் தட்ட விட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

நல்ல வெயில். பஸ்ஸில் ஜன்னல் சீட் வேண்டாம் என்று நின்றுகொண்டே வந்தேன். காற்றில் வகிடு அகலமாகத் தெரிகிறது.

இன்று செய்ததை எழுதக் கை கூசுகிறது.

எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்குள் போனால் தலையில் தொப்பி கட்டாயம். புண்ணில் வைக்கிற துணி, அதில் ஒரு முடி இருந்தால் மொத்த லாட்டும் திரும்பி வரும். பத்தரைக்குச் செக்கிங் டேபிளில் ஒரு ரோலைப் பிரித்தார்கள். வெள்ளைத் துணியில் நீளமாக ஒரு முடி. மேனேஜர் சார் வந்தார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயம். "எல்லாரும் தொப்பியைக் கழட்டிப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

கழற்றினோம். பதினோரு பேர். மற்றவர்கள் தொப்பியில் ஒன்றிரண்டு. என் தொப்பிக்குள் ஒரு கூடு. சூப்பர்வைசர் நான்தான். மற்றவர்களைத் தொப்பி சரியாகப் போடச் சொல்லிக் கத்துகிறவள் நான்தான்.

சரோஜாதான் கேட்டாள். மம்சாபுரத்தில் எங்கள் தெருதான், ஒரே பஸ். "என்ன தனம், எம்புட்டு முடி! எப்படி இருந்த தலை? எண்ணெய மாத்துனியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் என் தலையையே பார்க்கிறார்கள். அடுத்து யாராவது, இவ்வளவு வேகமாக இளைத்தாயே அதனால் இருக்குமோ என்று கேட்டுவிடுவார்கள். அதற்குள் வாயில் வந்தது வந்துவிட்டது:

"அத்தை எண்ணெய்தான். இந்தத் தடவ காச்சுனது ஒத்துக்கல போல."

அவ்வளவுதான். ஒரு வரி.

இந்தப் பதினோரு பேரில் எட்டுப் பேர் தேய்ப்பது அத்தை காய்ச்சுகிற எண்ணெய். மாசாமாசம் வயர் கூடையில் பாட்டில்களை அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பவள் நான்.

ஜூலை 9, புதன்

இன்றைக்கு எதுவும் இல்லை. சிலிண்டர் வந்தது. ஆபிசில் துணிப் பேல் நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்தேன்: 79. போன வாரம் 80. சந்தோஷப்பட்டேன். பிறகு நேற்று நடந்தது ஞாபகம் வந்தது. இறங்கிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

காற்று. புழுதி. கண்ணில் மண்.

இந்த மாசத்துப் பாட்டில்கள் எட்டு. கொண்டுபோனேன். எட்டும் கூடையிலேயே திரும்பி வந்தன.

ஜோதி: "போன மாச எண்ணெயே கெடக்குக்கா."
இன்னொருத்தி: "டாக்டர் எண்ணெயே வேண்டாம்னுட்டாரு."
சரோஜா முகத்துக்கு நேரே: "ஒனக்கே ஒத்துக்கலங்குத. நாங்க எப்படிப்பா தேய்க்க?"

நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கூடையைக் காலடியில் தள்ளி வைத்துவிட்டு லேபிள் சரிபார்க்கப் போய்விட்டேன்.

ஜோதி பாவம். நான் சொன்னதைக் கேட்டு இரண்டு மாசமாகக் கொள்ளுக் கஞ்சி குடிக்கிறாள். "ஒரு கிலோ கூடிருக்குக்கா, என்னன்னே தெரியல" என்கிறாள். விடாமல் குடி என்றேன்.

வீட்டில் அத்தை வாசலிலேயே நின்றார், கூடையை வாங்க. கனத்தைக் கையில் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னட்டி, அப்படியே கெடக்கு?"

"எல்லாருட்டயும் போன மாசத்தது மிச்சம் இருக்காம் அத்தை."

"எட்டுப் பேருட்டயுமா?"

"ஆமா."

பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அலமாரியில் அடுக்கினார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். நான் கை கால் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டேன்.

இதையும் எழுதி வைக்க வேண்டும். அத்தைக்கு வயது அறுபத்தொன்று. தலையில் நரை என்று தேடினால் பத்து இருக்கும். அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே. யாராவது எண்ணெய் கேட்டு வந்தால் ஒன்றும் விளக்க மாட்டார். கொண்டையை அவிழ்த்து ஒரு உதறு உதறி மறுபடி முடிந்துகொள்வார். அதோடு வியாபாரம் முடிந்தது. போர்டு இல்லை, லேபிள் இல்லை. அந்தக் கொண்டைதான்.

ஜூலை 20, ஞாயிறு

மேகமூட்டம். காலையில் கறி எடுத்தார் அத்தை.

அத்தைக்கு நான் சாப்பிடாததே மனக்குறை. மூன்று துண்டு வைத்தார். ஒன்றை மென்று மென்று விழுங்கினேன். இரண்டாவதில் அவசரப்பட்டேன். நெஞ்சுக்குள் கல் மாதிரி நின்றது. பின்பக்கம் ஓடி வாந்தி. குழாயைத் திறந்துவிட்டேன், சத்தம் கேட்காமல் இருக்க.

திரும்பி வந்தால் வாசலில் சரோஜா. அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தாள். கெட்ட எண்ணம் இல்லை அவளுக்கு, அது எனக்குத் தெரியும்.

"பேச்சியக்கா, மனசுல வச்சுக்காதீய. இந்தத் தடவ எண்ணெயில என்ன சேத்தீய? தனத்துக்கே ஒத்துக்காமக் கொட்டுதுன்னு அதுவே சொல்லுச்சு. அதான் ஆபிசுல யாரும் வாங்கல."

அத்தை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மறுக்கவில்லை. அதுவே ஆமாம் என்று ஆகிவிட்டது.

சரோஜா போனபிறகு திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் கோபத்தில் நானும் உண்மையைக் கொட்டியிருப்பேன். திட்டவில்லை. தனக்குத்தானே பேச ஆரம்பித்தார்.

"செம்பருத்தி நம்ம வீட்டுது. கறிவேப்பில நம்ம வீட்டுது. வெந்தயம் எப்பவும் வாங்குற கட. கரிசலாங்கண்ணிதான்... இந்த மட்டம் கம்மாக்கரையில கெடைக்கல. வயக்காட்டு ஓரமா பறிச்சேன். மருந்தடிச்ச காடா இருக்குமோ? எம்புத்திக்கு அது தோணலியே. கழுவுனேனே, மூணு தண்ணி விட்டுக் கழுவுனேனே."

பிறகு என் பக்கம் திரும்பி: "எங்கையால தேச்சுவிட்டேன். ஏன் அத்தன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாட்டி? நான் மனசு சங்கடப்படுவேன்னு பேசாம இருந்தியா?"

எனக்கு நல்ல பெயர் வேறு.

மாலையில் எட்டுப் பாட்டிலையும், வீட்டில் மிச்சமிருந்த தூக்குவாளி எண்ணெயையும் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினார். எண்ணெய் காய்ச்சுகிற இரும்புச் சட்டியைச் சாம்பல் போட்டு, பிறகு சோப்புப் போட்டு, பிசுக்கே இல்லாமல் தேய்த்துக் கொல்லையில் கவிழ்த்து வைத்தார். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்க ஒரு வாக்கியம் போதும். வாய் திறக்கவில்லை. நான் நல்லவள் இல்லை.

ஜூலை 21, திங்கள்

சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது:
1. இவர் லீவில் வந்தபிறகு, இரண்டு பேருமாக. (தீபாவளிக்குத்தான் வருவார்.)
2. அக்காவை வரவழைத்து அவளைச் சொல்லவைப்பது. (கோழைத்தனம்.)
3. நானே. இன்றே.

இன்று சொல்லவில்லை.

இவருக்கு போன் பண்ணினேன். எண்ணெய் விஷயம் சொன்னேன். "அம்மா எண்ணெய எதுக்கு இழுத்த தனம்?" என்றார்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி இரண்டாம் வெள்ளி. தெருவில் மைக் செட். கூழ் ஊற்றினார்கள், நான் நாலு ஸ்பூன்.

எண்ணெய்க் குளியல் இல்லை. அத்தை கூப்பிடவே இல்லை. மணையை எடுத்து பரணில் போட்டுவிட்டார்.

ராஜபாளையத்தில் இறங்கி ஒரு டோப்பா கடை வாசல்வரை போனேன். கண்ணாடிக்குள் பொம்மைத் தலைகள். உள்ளே போகவில்லை. இன்னொரு பொய்யைத் தலையில் வேறு வைத்துக்கொண்டு நடக்க வேண்டுமா?

மாத்திரை: இரும்புச்சத்து ✓ மல்டிவைட்டமின் ✓ கால்சியம் மறந்துவிட்டேன்.

சாயங்காலம் சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணினேன். முதல் வாக்கியம் தயார்: அத்தை, மார்ச்சில் நான் மதுரைக்குப் போனது அக்காவுக்கு இல்லை. மம்சாபுரம் வரும்வரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை முந்திக்கொண்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழம இருக்கன்குடிக்குப் போறேன். தெருவுல நாலு பேரு வேன் பிடிக்காவ. ஒனக்காக ஒரு நேத்திக்கடன் இருக்கு."

"என்ன நேர்த்திக்கடன் அத்தை?"

"சாமி காரியம். செஞ்சுட்டுச் சொல்லுதேன்."

பொங்கல் வைப்பார், மாவிளக்குப் போடுவார் என்று நினைத்தேன். கோயிலுக்கு நிம்மதியாகப் போய்விட்டு வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு உடனே ஒரு சாக்கைக் கண்டுபிடித்தது. சாக்குக் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல தேர்ச்சி.

ஜூலை 28, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். லீவு. நாள் முழுக்க நானும் அத்தையும் மட்டும் வீட்டில். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சொல்லவில்லை. இரண்டு பேரும் டிவியில் தேர் பார்த்தோம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வேன் விடியுமுன்னே போயிற்று. நான் ஆபிஸ். ஆறரைக்கு வீடு வந்தேன்.

அத்தை கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். தெருவில் யாரோ ஒரு ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று.

மொட்டை.

காது பெரிதாகத் தெரிந்தது. பின்மண்டையில் ஒரு பழைய தழும்பு, இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. கழுத்து மட்டும் வெளுப்பாக. கொண்டை இருந்த இடத்துக்கு வெயிலே பட்டதில்லை.

"எங்கையால போன முடி. எந்தலைய எடுத்துக்கோ தாயே, பிள்ளைக்குத் திருப்பிக் குடுன்னு கேட்டேன்" என்றார். பொட்டலத்திலிருந்து விபூதி எடுத்து என் நெற்றியில் பூசி, மிச்சத்தை என் வகிட்டில் தூவினார். "இனி வளரும் பாரு. கவலப்படாத."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். எனக்காக அழுகிறேன் என்று நினைத்து, முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

சாப்பிடவில்லை. பு.பொ. இல்லை, மாத்திரை இல்லை. ஒரு மாசமாக ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அதற்கு அறுபத்தொரு வருஷத்துக் கூந்தல் போயிற்று.

ஆகஸ்ட் 2, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் அத்தை சந்தனத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு, பின்மண்டை எட்டவில்லை என்று கூப்பிட்டார். நான் பின்னால் உட்கார்ந்து பூசினேன். முகம் தெரியவில்லை. அதனால்தான் முடிந்தது. மதுரையில் ஆரம்பித்து சரோஜாவுக்குச் சொன்ன வரிவரைக்கும் சொன்னேன். எதையும் விடவில்லை. கை பாட்டுக்குப் பூசிக்கொண்டே இருந்தது.

"கத்தி வச்சாவளா?"

"ஆமா அத்தை. சின்னச் சின்ன ஓட்டைதான். அஞ்சு. காட்டட்டுமா?"

"காட்டாத. பாக்க மாட்டேன்."

சந்தனம் காய ஆரம்பித்துவிட்டது. பிறகு:

"அப்ப எண்ணெயில ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"கரிசலாங்கண்ணியில மருந்து இல்ல?"

"இல்ல."

"எந்தல மேல கை வச்சுத்தான் இருக்க. சத்தியமா?"

"சத்தியமா."

அப்போதுதான் அழுதார். கத்தி வைத்தது தெரிந்தபோது அழவில்லை, மொட்டை போட்டபோது அழவில்லை. எண்ணெயில் தப்பில்லை என்றதும் அழுதார்.

பிறகு கோபம் வந்தது. வர வேண்டிய கோபம்தான். நான் சமைத்த சோற்றைத் தொடவில்லை. இவருக்கு போன் போட்டு, "ஏலே, நீயும் கூட்டால? ஒங்க அப்பன ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு நான் ஒத்தையில இருந்தது ஒனக்கு மறந்து போச்சா? அவளுக்கு ஒண்ணு ஆகியிருந்தா எவன்லே எனக்குச் சொல்லுவான்?" என்று தெரு கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. திட்டு வாங்குவது இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே வாங்கியிருப்பேன்.

விளக்கு வைக்கிற நேரம், முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஆபிசுல போய் எதையும் ஒளறி வைக்காத. வயித்த அறுத்து எளச்சவன்னு வாய் கூசாமப் பேசுவாளுக. எண்ணெய் போனாப் போகுது. நான் என்ன அத வச்சா பொழைக்கேன்?"

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இங்கே எழுதியே ஆக வேண்டும். அப்பாடா என்றுதான் இருந்தது. அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்காக என்னை நானே அறையலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சாரல். கறி இல்லை. ரசம். அத்தை இன்று என்னோடு பேசியது மூன்று வார்த்தை: "மாத்திர போட்டியா?" (இரண்டுதானோ.) சத்துமாவு டப்பாவைத் தானே எடுத்து முன்னால் வைத்தார்.

சாயங்காலம் தெருக்குழாயடியில் காதில் விழுந்தது: "எண்ணெய்க்காரிக்கே முடி போச்சாம்ல. நேத்திக்கடன்னு சொல்லுதா." சிரிப்பு.

தண்ணீர் பிடிக்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். தராசில் ஏறவில்லை.

டீ டைம். ஆம்பளைகள் வெளியே. பேக்கிங் செக்‌ஷனில் நாங்கள் மட்டும். தொப்பியைக் கழற்றி டேபிளில் வைத்தேன். அன்று போலவே உள்ளே கூடு.

"அத்தை எண்ணெய்மேல ஒரு தப்பும் கிடையாது. நான் பொய் சொன்னேன். மார்ச்சில மதுரையில வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், எடை குறையறதுக்கு. அதனாலதான் முடி கொட்டுது. நடந்தும் எளைக்கல, கொள்ளுலயும் எளைக்கல" என்றேன். நின்று யோசித்தால் முடியாது என்று ஒரே மூச்சில்.

டம்ளரோடு அப்படியே நின்றார்கள். முதலில் பேசியது ஜோதி.

"அப்ப கொள்ளுக் கஞ்சி?"

"விட்டுரு ஜோதி."

"ரெண்டு மாசமா குடிக்கேனேக்கா!"

ஒருத்தி சிரித்துவிட்டாள். சரோஜா சிரிக்கவில்லை. தலையை ஆட்டி, "எனக்குப் புரியுதுப்பா. அத்த மொட்டையோட நிக்கவும் ஒனக்கு மனசு கேக்கல. அவியளக் காப்பாத்தப் பழிய நீ எடுத்துப் போட்டுக்குத. நல்ல மருமக" என்றாள்.

மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். என் தோளைத் தட்டினார்கள். பொய்யை ஒரே வரியில் நம்பியவர்கள், உண்மையை நம்பவில்லை. இன்னொரு தடவை நல்ல பெயர். அதை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடலாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

சேலையை விலக்கி, பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டினேன். தொங்குகிற தோல், வயிற்றுச் சுருக்கம், எல்லாம் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்த வயிற்றை யாருக்கும் தெரியாமல் முந்தானையால் மூடி மூடியே நடந்திருக்கிறேன். ஜோதி குனிந்து, விரலால் தொடாமல் எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு... இந்தா தொப்புளுக்கு மேல ஒண்ணு... அஞ்சு."

சரோஜா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று பேர் என்னோடு பேசவில்லை. ஒருத்தி தனியாக வந்து ஆஸ்பத்திரி எது என்று கேட்டாள். மேனேஜர் சாருக்கு எப்படியோ தெரிந்து, நாளையிலிருந்து கொஞ்ச நாள் பேக்கிங் வேண்டாம், குடோன் பக்கம் பாரும்மா என்றார். சரிதான்.

பஸ்ஸில் சரோஜா பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இறங்கித் தன் வீட்டுக்குப் போகாமல் என்னோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். அத்தை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேச்சியக்கா, எனக்கு ஒரு பாட்டில் வேணும்."

அத்தை அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன் என்று புரிந்துகொண்டார். முறத்தைக் கீழே வைத்து, கொண்டையை அவிழ்க்கிற பழக்கத்தில் கை பின்னால் போய், ஒன்றும் இல்லாமல், துண்டை உருவியது.

"நல்லாப் பாத்துக்கோ. மொட்டத்தலைக்காரி காச்சுத எண்ணெய். யோசிச்சு வாங்கு."

"வேணும்க்கா" என்றாள் சரோஜா.

"இப்ப இல்ல. கொட்டிட்டேன். கம்மாக்கரையில கரிசலாங்கண்ணி கெடச்சா வெள்ளிக்கிழம காச்சுவேன்." பிறகு என்னிடம், இரண்டு நாளில் முதல் முழு வாக்கியம்: "நிக்காதட்டி, அந்தச் சட்டிய எடுத்துத் தேய்."

கொல்லையில் இரண்டு வாரம் சாரலில் கிடந்த சட்டி. உள்ளும் புறமும் துரு. தேங்காய் நார், உப்பு, செங்கல்பொடி. ஒரு மணி நேரமாகத் தேய்த்தும் அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.